மெழுகுதிரி மட்டும் போதாது



“பாதர், கோயிலுக்குள் அரசியல் எதற்கு? செபித்தால் போதாதா?” என்று கேட்கிறீர்கள். போதாது. இடைவிடாச் செபத்திற்கு ஆண்டவர் காட்டிய முன்மாதிரி, நேர்மையற்ற நடுவனிடம் ஓயாமல் நீதி கேட்ட ஒரு கைம்பெண். அவள் போய் நின்றது நடுவனின் வாசலில்.

2009 மே 18 அன்று, இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் அமர்ந்து போராடிய தாய்மாருள் பலர், விடை காணாமலே கண்மூடிவிட்டனர். ஒவ்வொரு மரணத்தோடும் ஒரு சாட்சியமும் அடக்கம் செய்யப்படுகிறது.

ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், எதிர்கால வழக்குகளுக்காகச் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அச்சான்றுகள் எங்கே? உங்கள் அலுமாரியிலுள்ள பழைய புகைப்படத்தில், முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டில், உங்கள் நினைவில். நீதிமன்றம் கண்ணீரை எடைபோடாது. நாள், இடம், பெயர், கண்டவர் யார் என்றே கேட்கும்.

மே மாதத்தில் மெழுகுதிரி ஏந்திப் படம் பகிரும் நாம், சட்டத்தரணி முன் அமர்ந்து ஒரு சத்தியக்கடதாசி முடிக்க ஏன் தயங்குகிறோம்? ஊரிலுள்ள உறவுகளுக்கு ஆபத்து வருமென்ற அச்சம் நியாயமானது. ஆகவே இரகசியம் காப்பவர்களிடமே பேசுங்கள். ஆனால், “பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பது அச்சமன்று, அலட்சியம். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இக்கதைகளை ஒப்படையுங்கள்.

செபியுங்கள். செபித்தபின் எழுதி வையுங்கள்.