பழுதறிந்து விற்பது வியாபாரமா?

மனிதன் செய்யும் பண்டத்தில் பழுது நேர்வது சகஜம். அதற்காக எந்தத் தொழிலாளியையும் நாம் நிந்திக்கமாட்டோம். ஆனால், பழுதிருப்பதை அறிந்த பின்னரும் வாங்குவோருக்குச் சொல்லாமல் விற்பது வேறு விஷயம். முன்னது பிழை, பின்னது அதர்மம். இந்த வித்தியாசத்தை 1994-ம் வருஷத்து பென்டியம் விவகாரம் உலகத்துக்கு நன்கு எடுத்துக்காட்டிற்று.

அமெரிக்க இன்டெல் கம்பெனியார் விற்ற பென்டியம் என்னும் கம்ப்யூட்டர் பிராசஸர், வகுத்தல் கணக்குக்காகத் தன்னுள் ஓர் அட்டவணையைக் கொண்டிருந்தது. அதில் ஐந்து இடங்களில் இருக்கவேண்டிய எண்கள் விடுபட்டுப் போயின. ஆகவே சிற்சில எண்களை வகுக்கும்போது விடை தவறிற்று. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டியதற்கு 1.3337 என வந்தது.

கம்பெனியார் இதை அவ்வருஷத்தின் நடுவிலேயே கண்டுகொண்டனர். திருத்திய பிராசஸரைத் தயாரிக்கவும் முற்பட்டனர். ஆனால் வாங்கினவர்களிடம் வாய் திறக்கவில்லை. பழைய சரக்கு விற்பனையாகிக்கொண்டே இருந்தது. வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராயிருந்த தாமஸ் நைஸ்லி, தம் கணக்குகள் ஒத்துவராமை கண்டு, பல மாதம் சோதித்து, அக்டோபரில் உண்மையை வெளியிட்டார்.

அதற்குக் கம்பெனியார் கூறிய சமாதானம் யாது? சாதாரண உபயோகத்தில் 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் பிழை நேருமாம். ஆதலால், தேவையை நிரூபிப்போருக்கு மாத்திரம் மாற்றித் தருவார்களாம்! ஐ.பி.எம். கம்பெனியாரோ 24 நாளைக்கு ஒரு முறை நேரலாமெனக் கணித்து, டிசம்பரில் அச்சரக்கை அனுப்புவதையே நிறுத்தினர்.

எவர் கணக்கு சரி என்பதல்ல நமது கேள்வி. பணம் கொடுத்தவன் எவ்வளவு பிழையைப் பொறுக்கலாமென்று தீர்மானிக்கும் அதிகாரத்தை விற்றவனுக்கு யார் கொடுத்தார்கள்? படிக்கல் எடை குறைவென்று அறிந்த கடைக்காரன், "உமக்கு இந்தக் குறைவு தெரியவே தெரியாது" என்றால் நாம் ஒப்புவோமா? பாலம் கட்டுகிறவனும் மருந்தின் அளவைக் கணிக்கிறவனும் இத்தகைய யந்திரத்தையன்றோ நம்பியிருக்கிறார்கள்!

டிசம்பர் 20-ந் தேதி கம்பெனியார் பணிந்து, கேட்டோர்க்கெல்லாம் மாற்றித்தர இசைந்தனர். அதனால் நேர்ந்த நஷ்டம் 47 கோடியே 50 லட்சம் டாலர். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் பணம் செலவாகியிருக்கலாம், பெயர் கெட்டிராது.

பிராசஸர்களின் பழுதுகளைப் பட்டியலாகப் பிரசுரிக்கும் வழக்கம் இன்று ஏற்பட்டிருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆயினும் அப்பட்டியல் நிபுணர்களுக்கே விளங்குவது. பல பழுதுகளுக்கு எதிரே, திருத்தும் உத்தேசமில்லை என்ற குறிப்பே காணப்படுகிறது. வாங்குகிறவனுக்கு விளங்கும் பாஷையில், அவன் பணம் கொடுக்குமுன் சொல்லப்படுவதே உண்மை. மற்றதெல்லாம் மறைப்பின் இன்னொரு வகையே. சட்டம் இதை வற்புறுத்த வேண்டும். ஜனங்களும் கேட்டு வாங்கவேண்டும்.