அழகியின் முகமும் காகிதக்காரரின் கையும்

அவள் ஒரு தேநீர்க் கடைப் பெண். பெயர் ஓகிதா.

ஜப்பானில் இன்று டோக்கியோ என்று வழங்கும் நகரத்துக்கு அந்தக் காலத்தில் 'எடோ' என்று பெயர். அங்கே அசகுசா கோவிலுக்குப் பக்கத்தில் அவள் தேநீர் கொடுத்து வந்தாள். அவள் அழகைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு!

1793-ம் ஆண்டு வாக்கில் உதமாரோ என்ற ஓவியர் அவளைப் படமாக வரைந்தார். அது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். சோபா என்ற சேமியா உணவு ஒன்றிரண்டு கிண்ணம் வாங்கும் காசு இருந்தால் போதும்; ஒரு படம் வாங்கிவிடலாம். கூலிக்காரரும் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. இத்தகைய பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது என்று தடை விதித்தது. ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? பெயருக்குப் பதில் விடுகதைப் படம் போட்டார்கள். 1796-ல் அதற்கும் தடை வந்தது!

ஆனாலும் ஓகிதாவின் பெயர் அழியவில்லை. உதமாரோவின் பெயர் உலகம் எல்லாம் பரவிவிட்டது.

பெயரே இல்லாமல் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் காகிதம் செய்தவர்.

வெண்டைக்காயின் உறவு

அந்தக் காகிதம் 'கோசோ' என்ற மரத்தின் பட்டையில் பிறந்தது. பட்டுப்பூச்சி தின்னும் முசுக்கொட்டை மரத்துக்கு அது நெருங்கிய உறவு. பட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, அலசுவார்கள். தூசு தும்புகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவார்கள். பிறகு அடித்து நாராக்குவார்கள். வெண்டைக்காய்க்கு உறவான ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த கொழகொழப்பான சாற்றையும் தண்ணீரில் கலப்பார்கள். சல்லடையில் அள்ளி ஆட்டினால் நார்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். குளிர்காலம்தான் இதற்கு ஏற்றது. சில்லென்ற தண்ணீரில் நாள் முழுவதும் கை நனைய வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. ஈரக் காகிதத்தை ஒவ்வொரு கட்டையிலும் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் அழுத்தித் தேய்ப்பார்கள். பத்து, பதினைந்து முறை தேய்த்தாலும் அந்தக் காகிதம் கிழியாது. சாதாரணக் காகிதம் பாதியிலேயே கந்தலாகிவிடும்.

200 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஓகிதாவின் படத்தில் சாயம் மங்கியிருக்கலாம். காகிதமோ இன்னும் உறுதியாக இருக்கிறது. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகி நொறுங்குவதை யார்தான் பார்த்ததில்லை?

உண்மையைச் சொல்லி விற்கட்டும்

இப்போது பழைய அழகிகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 1940-களில் அமெரிக்காவில் சுவரை அலங்கரித்த அழகிகளைக்கூட ஜப்பானியக் காகிதத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். அதில் தவறு இல்லை. மலிவான படமும் வேண்டும். ஓகிதாவின் படமே ஏழைக்கு எட்டிய படம்தானே!

ஆனால், இயந்திரத்தில் மரக்கூழ் கலந்து செய்த காகிதத்துக்கும் கைக்காகிதத்தின் பெயரைச் சூட்டுவது சரியல்ல. சிலர் இதை 'அரிசிக் காகிதம்' என்கிறார்கள். இது அரிசியில் செய்வதே அல்ல!

1901-ல் ஜப்பானில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கைக்காகிதம் செய்து பிழைத்தன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறுதான். 2014-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு இந்தத் தொழிலை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அது நல்ல பெருமை. ஆனால், பெருமை மட்டும் உலையில் அரிசி ஆகாது. காகிதத்துக்கு உரிய விலை கிடைத்தால்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரியும்; மகனும் மகளும் தொழிலைக் கற்பார்கள்.

ஆகவே, படம் விற்பவர் ஓவியர் பெயரோடு காகிதம் பிறந்த ஊரையும் எழுதட்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கட்டும். அழகியின் பெயரை மறைக்கச் சொன்னது அன்றைய அரசாங்கம். காகிதக்காரரின் பெயரை மறைக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லையே!