மரபியலில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டுப் பூனை கறுப்பிக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது அது இரவுகளில் கத்தத் தொடங்கியது. பசிக்குக் கத்தும் கத்தல் அன்று அது. பின்னிரவு மூன்று மணியளவில் கூடத்தின் நடுவே நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து ஓலமிடும். எழுந்துபோய் விளக்கைப் போட்டால் சுவரைப் பார்த்தபடி நின்றிருக்கும். அதே மாதங்களில்தான் மணல் தட்டை விட்டுவிட்டுக் கால்மிதியில் சிறுநீர் கழிக்கவும், தூக்க வரும் கையைப் பார்த்துச் சீறவும் ஆரம்பித்தது. பதினாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட எங்களைப் பார்த்துச் சீறியிராத பூனை.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வயதாகிவிட்டது. பூனை இரவில் அழுவது வீட்டுக்கு ஆகாது என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. முதல் பதில் அறிவின் குரலாகவும் இரண்டாவது மூடநம்பிக்கையாகவும் எங்களுக்கு அப்போது பட்டன. இன்று யோசித்தால் இரண்டுக்கும் அதிக தூரமில்லை. இரண்டுமே மேற்கொண்டு கேட்காமல் இருப்பதற்கு உதவும் சொற்கள். அவற்றுள் நாகரிகமான சொல்லை நம்பி நாங்கள் நான்கு மாதங்களைக் கழித்தோம். கால்மிதியை நனைத்ததற்காக அதட்டினோம். ஓலம் தாங்காமல் சில இரவுகளில் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினோம். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிரினங்களின் இளமைப் பெயர்களைப் பொறுமையாகத் தொகுக்கிறது. வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று வகுக்கிறது. ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. ஆனால் முதுமைப் பெயர் என்றொரு வகை அங்கு இல்லை. இதை இலக்கணத்தின் குறையாக நாங்கள் சொல்லவில்லை. காட்டிலும் தெருவிலும் வாழும் பூனை முதுமையைக் காண்பது அரிது; அதற்கு முன்பே நோயோ நாயோ சக்கரமோ முந்திக்கொள்கிறது. பதினைந்து வயதைக் கடந்த பூனை என்பது பெரும்பாலும் வீட்டு வளர்ப்பும் தடுப்பூசியும் கருத்தடையும் சேர்ந்து உருவாக்கிய உயிர். அதைப் பற்றிப் பேச நமக்கு மரபாகக் கைவந்த சொற்கள் குறைவு.

இலக்கியத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளும் கம்பனிடம் அது அடங்கா ஆசையின் உருவம். நவீன கதைகளில் மர்மத்துக்கோ தனிமைக்கோ குறியீடாக வந்துபோகிறது. தன் கால்மிதியை நனைத்துவிட்டுத் திகைத்து நிற்கும் கிழப்பூனை எங்கள் வாசிப்பில் அதிகம் எதிர்ப்பட்டதில்லை. டோரிஸ் லெஸ்ஸிங் 2000-இல் வெளியிட்ட 'எல் மக்னிஃபிகோவின் முதுமை' என்ற சிறு நூல் ஒரு விதிவிலக்கு. புற்றுநோயால் முன்னங்காலை இழந்த தன் பூனையை அவர் எதற்கும் குறியீடாக்கவில்லை. அந்தப் பூனையைப் பற்றி மட்டுமே எழுதினார். கவனிப்பது என்றால் என்ன என்பதற்கு அது நல்ல பாடம்.

எங்களுக்கு அந்தப் பாடம் தாமதமாகவே வந்தது. கறுப்பி ஒருநாள் நாற்காலிக் காலில் நேராகப் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோனோம். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 210 இருந்தது. 160-ஐத் தாண்டினாலே பூனைக்குச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார் மருத்துவர். சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்தன. உயர் அழுத்தத்தால் இரு கண்களிலும் விழித்திரை விலகியிருந்தது. சுவரைப் பார்த்து நின்றிருக்கிறது என்று நாங்கள் நினைத்த பூனை உண்மையில் எதையுமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்திருந்ததால் மணல் தட்டின் உயர்ந்த விளிம்பைத் தாண்டுவதே அதற்கு வாதையாக இருந்திருக்கிறது. முன்பே வந்திருந்தால் பார்வை மிஞ்சியிருக்குமா என்று கேட்டோம். மிஞ்ச வாய்ப்பிருந்தது என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

'வயது' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே எத்தனை நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அதன்பிறகு தெரிந்துகொண்டோம். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், ஓயாமல் நடமாடி, இரவில் கத்தும் பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கலாம். பூனைகளில் இந்நோயை மருத்துவ உலகம் முதன்முதலில் விவரித்ததே 1979-இல்தான். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். உணவை வாயிலெடுத்துக் கீழே போட்டால் பல்வலியாக இருக்கலாம். பன்னிரண்டு வயதைக் கடந்த நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் தொண்ணூறில் மூட்டுத் தேய்வைக் கண்டது. பூனை நொண்டிக் காட்டாது. பரணுக்குத் தாவுவதை நிறுத்திவிடும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும், தொட்டால் சீறும். முதுமையில் வரும் அறிவு மங்கலும் உண்மையான நோய்தான். ஆனால் மேற்சொன்னவை எவையும் இல்லை என்று உறுதியான பிறகே அந்த முடிவுக்கு வரவேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வலிக்கிறதே என்று இரங்கி நாம் விழுங்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கப் போதும்.

பிறகு வீட்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினோம். தண்ணீர்க் கிண்ணங்களை மூன்று இடங்களில் வைத்தோம். மேசை நாற்காலிகளை இடம் மாற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். பார்வையற்ற பூனை வீட்டை மீசையாலும் நினைவாலும் அறிந்திருக்கிறது. தேயாமல் வளைந்து பாதத்துக்குள் இறங்கும் நகங்களை மாதமொருமுறை வெட்டுகிறோம். படுக்கப் போகும் முன் சிறிது உணவு, பிறகு அழுத்தத்துக்கான மாத்திரை. பெரிய தியாகம் எதுவும் இதில் இல்லை.

ஒரு பூனைக்கு இவ்வளவா என்ற கேள்வி எழும். பணம் உள்ளவர் வேலை என்று சொல்வாரும் இருப்பர். நியாயமான கேள்விதான், எல்லா ஊரிலும் கால்நடை மருத்துவர் பூனையின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை, எல்லோராலும் பரிசோதனைச் செலவைத் தாங்கவும் முடியாது. எங்கள் வாதம் அதற்கும் முந்தைய இடத்தில் நிற்கிறது. 'வயதாகிவிட்டது' என்பது எல்லாக் கேள்விகளும் முடிந்தபின் கடைசியாக வரவேண்டிய பதில். அதை நாம் முதலில் சொல்லிவிடுகிறோம். அதட்டாமல் இருக்கவும், தட்டின் விளிம்பைத் தாழ்த்தவும் பணம் வேண்டியதில்லை. இதே சொல்லை வீட்டிலுள்ள முதியவர்களிடமும் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்பதை நாங்கள் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

கறுப்பி இப்போதும் சில இரவுகளில் கத்துகிறது. மருந்து எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. ஆனால் காது கேட்கிறது. படுத்த இடத்திலிருந்தே பெயரைச் சொல்லி அழைத்தால் ஓலம் நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து, சுவரோரமாக உரசிக்கொண்டு, குரல் வந்த திசையில் மெல்ல நடந்து வரும்.