பழைய காருக்குப் புது இன்ஜின்: பார்க்கிங்கில் லைக்ஸ், ரோட்டில் சிக்கல்... சட்டம் என்ன சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெயில் தணிந்ததும் ஊருக்கு வெளியே ஒரு காபி கடையின் பார்க்கிங்கில் பழைய கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. தரையை ஒட்டி இறக்கிய அம்பாசடர், அகலமான டயர் போட்ட பிரீமியர் பத்மினி, பளபளப்பு இல்லாத கறுப்பில் ஒரு கான்டெசா. பானெட்டைத் திறந்தால் போதும், சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். “உள்ள என்ன இன்ஜின்?” என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே கேள்வியைப் போக்குவரத்துத் துறை அதிகாரி கேட்டால்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஏன் மாற்றுகிறார்கள்?

எல்லாமே ஷோவுக்காக இல்லை. கான்டெசா தயாரிப்பு 2002-ல் நின்றுவிட்டது. அம்பாசடர் 2014-ல் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல பத்தாண்டுகளாகவே இல்லை. ஒரிஜினல் உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், அந்தக் கால டிரம் பிரேக்கை நம்பி இன்றைய புறவழிச்சாலையில் போக முடியுமா என்ற பயம் இருக்கும். அதனால் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏ.சி., புது இன்ஜின் என்று வேலை நீண்டுகொண்டே போகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தாமல் தினமும் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே மாற்றுபவர்கள் நிறைய.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத் தகவல் மாறிப்போகும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனிக்க: வண்டிக்கு இவ்வளவு என்று இல்லை, மாற்றத்துக்கு இவ்வளவு.

அதிரும் சைலன்சருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சத்தம், புகை விதிகளை முதல் தடவை மீறினாலே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸும் பறிபோகலாம்.

‘வின்டேஜ்’ என்று பதிவு செய்தால்?

பலரும் நினைக்கும் குறுக்குவழி இது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்.

ஆனால் நிபந்தனை கடுமையானது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் இதில் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினசரி ஆபீஸுக்கு எடுத்துப் போக முடியாது.

வயதுக் கணக்கும் இடிக்கிறது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் மாருதி 800, 2033 டிசம்பரில்தான் 50-ஐத் தொடும். 1984-ல் அறிமுகமான கான்டெசாவுக்கு 2034. இன்றைய சந்திப்புகளில் அதிகம் படம் பிடிக்கப்படும் இந்தக் கார்கள் இப்போதைக்கு ‘வின்டேஜ்’ வரிசைக்கே வராது.

நடுவில் மாட்டியவர்கள்

ஆக, மாற்றியமைத்த கிளாசிக் கார் இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறது. சாதாரணக் காராகப் பார்த்தால் ஆர்.சி. விவரத்தோடு பொருந்தாது. வின்டேஜாகப் பார்த்தால் அசல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-களில் அம்பாசடரின் பழைய இன்ஜினுக்குப் பதில் இசுசு இன்ஜினைப் பொருத்தி விற்றது தயாரிப்பு நிறுவனமே. அதே வேலையை 1965 அம்பாசடரில் உரிமையாளர் தானாகச் செய்தால் அது விதிமீறல். நிறுவனம் சோதனை செய்து ஒப்புதல் வாங்கி விற்கிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சோதனை கிடையாது என்பதுதான் சட்டத்தின் வாதம். வேகம் கூடிய இன்ஜினைப் பழைய பிரேக்கோடு ஓட்டினால் ஆபத்து எதிரே வருபவருக்கும்தான். இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சோதனை இல்லை என்பதுதான் குறை என்றால், சோதிக்க ஒரு வழி வைக்கலாமே? ஜெர்மனியில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே 30 ஆண்டுகளைத் தாண்டிய, நன்றாகப் பராமரித்த கார்களுக்கு ‘எச்’ நம்பர் தரப்படுகிறது. அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். மற்ற மாற்றங்களையும் நிபுணர் பரிசோதித்து வாகன ஆவணத்தில் பதிவு செய்ய வழி இருக்கிறது. நம் ஊரில் சொந்தக் காருக்குப் போட்ட டிஸ்க் பிரேக் பாதுகாப்பானது என்று நிரூபிக்க அப்படி ஒரு எளிய வழி இல்லை.

எதை மாற்றலாம்?

• நிறம்: மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும்.
• இன்ஜின்: அதே நிறுவனத்தின் அதே வகை என்றால், ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு மாற்றலாம்.
• சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சார கிட்: அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், ஆர்.சி.யில் பதிந்து பயன்படுத்தலாம்.
• சீட் கவர், மியூசிக் சிஸ்டம்: பொதுவாகப் பிரச்சினை இல்லை.

வாங்கப் போகிறீர்களா?

ரீல்ஸ் பார்த்து முன்பணம் அனுப்பும் முன் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அந்தக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் பரிசோதனையில் இன்ஜின் நம்பர் பொருந்தாவிட்டால் புதுப்பிப்பு அங்கேயே நிற்கும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் இருந்தால், விபத்து நடந்த பிறகு க்ளெய்ம் மறுக்கப்படலாம். அந்த நேரத்தில் பழைய உரிமையாளர் வந்து நிற்க மாட்டார், ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர்தான்.