ரவுடி மீனில்லை, சின்னத் தொட்டி

"மச்சான், இது சரியான ரவுடி மீன். பக்கத்தில எதை விட்டாலும் கொண்டுபோடும்." ஒஸ்கார், ப்ளவர்ஹோர்ன் வளர்க்கிற பெடியள் இதைப் பெருமையாகத்தான் சொல்லுவாங்கள். தங்கமீனை உயிரோடு போட்டு, அது கிழிபடுறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதும் நடக்குது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இதில் ரவுடி யார்?

சிக்லிட் இன மீன்கள் சண்டை பிடிக்கும். மறுக்கவில்லை. ஆனால் அது வெறிக்குணம் இல்லை, காவல் குணம். ஒஸ்காரில் தாயும் தகப்பனும் சேர்ந்துதான் முட்டையையும் குஞ்சையும் காக்கும். எல்லைக்குள் வேறு மீன் வந்தால் துரத்தும். ஆற்றில் என்றால் தோற்ற மீன் ஓடித் தப்பும், சண்டை அதோட சரி. கண்ணாடித் தொட்டிக்குள் எங்கே ஓடுறது? மூலையில் ஒதுங்கி, திரும்பத் திரும்ப அடிவாங்கிச் சாகும். அந்தச் சாவு மீனின் குணத்தால் வந்ததில்லை, நாங்கள் கொடுத்த இடத்தால் வந்தது.

கணக்கைப் பாருங்கோ. கடையில் ஒஸ்கார் விரல் நீளம்தான். வளர்ந்தால் 30 சென்ரிமீற்றர் வரும். இரண்டடித் தொட்டியின் அகலம் ஓரடி, அதுவும் அதே 30 சென்ரிமீற்றர். முட்ட நிரப்பினாலும் 57 லீற்றர் தண்ணீர்தான். திரும்பவே இடமில்லாத பெட்டிக்குள், தன் கழிவில் ஏறுகிற அமோனியாவோடு கிடக்கிற மீன் முட்டி மோதாமல் என்ன செய்யும்?

ப்ளவர்ஹோர்னின் கதை இன்னும் மோசம். அது எந்த ஆற்றிலும் பிறந்த மீனில்லை. 1990களில் மலேசியாவில் மனிதர் கலந்து உருவாக்கியது. தலைப் புடைப்புக்குத்தான் விலை. அது பெருக்கட்டும் எண்டு முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்துக் கோபமேத்துவார்கள். இதுக்குப் பெயர் வளர்ப்பா?

வளர்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மீன், நாலடித் தொட்டி, சுமார் 250 லீற்றர் தண்ணீர், நல்ல ஃபில்டர், கிழமைக்கொருக்கா தண்ணீர் மாற்றம், உயிர்மீனுக்குப் பதில் பெலட் தீன். இதுக்குக் காசோ இடமோ இல்லையெண்டால் கப்பி வளருங்கோ, அதில ஒரு வெட்கமும் இல்லை.

அலுத்துப்போனால் குளத்தில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம். 1952இல் கொண்டுவந்த திலாப்பியாவும் சிக்லிட்தான். இன்று அது இல்லாத குளம் அரிது. எங்கட சின்ன மீன்களைத் தின்னும் ஒஸ்காரையும் அங்கே சேர்க்காதீங்கோ. வைத்திருக்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கோ. வீரத்தைக் காட்ட வேற இடம் தேடுங்கோ.