எந்திரம் மூச்சு கொடுக்கும்; உயிரைக் காப்பது யார்?

"வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள்."

ஆஸ்பத்திரியில் இருந்து இந்தச் செய்தி வந்ததும் வீட்டில் உள்ளவர்கள் இரண்டு விதமாக நினைக்கிறார்கள். "இனிப் பிழைக்கமாட்டார்" என்று சிலர் அழுகிறார்கள். "இனி எந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள்.

இரண்டும் தவறு!

வென்டிலேட்டர் என்பது சுவாச எந்திரம். அது நோயைக் குணப்படுத்தாது. நுரையீரல் தேறி வரும்வரை, நோயாளி மூச்சு விட உதவும். அவ்வளவுதான். அந்த நாட்களில் வேறு ஆபத்து எதுவும் வராமல் நோயாளியைக் காக்கவேண்டும். அந்த வேலையை எந்திரம் செய்யாது. மனிதர்களின் கைதான் செய்யவேண்டும்.

இந்த உண்மையை 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகரம் உலகத்துக்குக் காட்டிவிட்டது.

27 பேர் சாவு

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். 1952-ம் ஆண்டு அங்கே இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. அது வைரஸ் கிருமியால் வரும் நோய். கை, கால்களை முடக்கும். சிலருக்கு மூச்சு விடும் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் முடக்கிவிடும்.

நோயாளிகளைப் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இரும்பு நுரையீரல்" என்ற பெரிய சுவாச எந்திரம் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பில் பொருத்தும் சிறிய எந்திரங்கள் 6 இருந்தன.

மூச்சு முடங்கியவர்களில் முதல் 31 பேருக்கு இந்த எந்திரங்களைக் கொண்டு சிகிச்சை நடந்தது. அவர்களில் 27 பேர் இறந்துபோனார்கள்.

எந்திரம் ஓடியது. உயிர் போனது. ஏன்?

விழுங்க முடியாததால் எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்கின. உள்ளே போன காற்று போதவில்லை. கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கியது. கிருமி மூளையைத் தாக்கியதால்தான் சாவு வருகிறது என்று டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். அது அல்ல, மூச்சு போதாததே காரணம் என்று எடுத்துச் சொன்னார், பியோர்ன் இப்சன் என்ற டாக்டர். அவர் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர்.

ரப்பர் பை

அந்த ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி, 12 வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் நிலையில் இருந்தாள். அவள் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இப்சன் சளியை உறிஞ்சி எடுத்தார். குழாயுடன் ஒரு ரப்பர் பையை இணைத்தார். அதைக் கையால் அமுக்கி அமுக்கிப் பிராணவாயுவைச் செலுத்தினார்.

சிறுமி பிழைத்தாள்!

மற்ற நோயாளிகளுக்கும் இதே சிகிச்சை தொடங்கியது. ஆனால் இரவும் பகலும் பையை அமுக்குவது யார்? மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்து, கட்டில் அருகே உட்கார்ந்து, பையை அமுக்கினார்கள். ஒரு கட்டத்தில் 70 நோயாளிகள் ஒரே சமயத்தில் இப்படிக் கையால் மூச்சு பெற்றார்கள்.

பலன் என்ன? 100-க்கு 87 என்று இருந்த சாவு, சில மாதங்களில் ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தது.

இதன் பிறகுதான், கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இரவு பகலாகக் கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. 1953-ம் ஆண்டு அதே நகரில் வேறொரு ஆஸ்பத்திரியில் இப்சன் அத்தகைய பிரிவைத் தொடங்கினார்.

எத்தனை ஆபத்து!

இன்றைய சுவாச எந்திரம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆபத்துகள் இன்னும் இருக்கின்றன.

தொண்டையில் உள்ள குழாயை ஒட்டிக் கிருமிகள் இறங்கி, நுரையீரலில் புதிய காய்ச்சலை உண்டாக்கும். இதைத் தடுக்க நோயாளியின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்கவேண்டும். வாயைச் சுத்தம் செய்யவேண்டும். சளியை எடுக்கவேண்டும். தொடும்போதெல்லாம் கை கழுவவேண்டும்.

அசையாமல் கிடப்பதால் காலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு ஊசி மருந்து உண்டு. முதுகில் படுக்கைப் புண் வரும். அதற்கு மருந்தைவிட, அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பதே மேல். தசைகள் மெலியும். கை, கால்களை அசைத்துப் பழக்கவேண்டும். மயக்க மருந்து அதிகமானால் எந்திரத்தில் இருந்து விடுபடும் நாள் தள்ளிப்போகும்.

காற்று அதிகமானாலும் கேடுதான். நோயுற்ற நுரையீரல் ஊதிப் புண்ணாகும்; சில சமயம் கிழிந்து காற்று கசியும். குறைந்த அளவு காற்றைச் செலுத்தினால் சாவு குறைகிறது என்று 2000-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. அதிகக் காற்று பெற்றவர்களில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள். குறைந்த காற்று பெற்றவர்களில் 31 பேர்.

எந்திரம் ஒன்றேதான். அதைக் கையாண்ட முறைதான் வேறு!

கொரோனா சொன்ன பாடம்

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. நுரையீரல் கெட்டவர்களைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். இந்த முறை பயன் தரும் என்று பிரான்சு நாட்டு டாக்டர்கள் 2013-லேயே காட்டியிருந்தார்கள். செலவு இல்லாத வைத்தியம்! ஆனால் குழாயோடு இருக்கும் ஒருவரைப் புரட்டுவதற்கு நாலைந்து பேர் வேண்டும். குழாய் நழுவினால் உயிர் போய்விடும்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் இருந்து நல்ல செய்தி வந்தது. டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, எந்திரத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

ஆனால் அதே மருந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். 2021-ல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுப்படாத சர்க்கரையும் இத்தகைய மருந்துகளை அளவு மீறிக் கொடுத்ததும் முக்கியக் காரணங்கள். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. சர்க்கரையை ஓயாமல் பார்க்கவும் ஆள் வேண்டும்.

நர்சு எத்தனை?

2020-ல் இந்தியாவில் 50 ஆயிரம் சுவாச எந்திரங்கள் வாங்க 2 ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது தவறல்ல, அன்று அவசரம். ஆனால் எந்திரம் லாரியில் வந்து இறங்கிவிடும். நர்சு அப்படி வரமாட்டார். நர்சு படிப்புக்கே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். தீவிர சிகிச்சையில் பழக அதற்கு மேலும் காலம் வேண்டும்.

சுவாச எந்திரத்தில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு நர்சு வேண்டும் என்பது வல்லுநர்கள் வகுத்த அளவு. ஒரே நர்சு நாலு பேரைக் கவனித்தால் என்ன ஆகும்? ஒருவருக்குச் சளி எடுக்கும்போது இன்னொருவருக்குக் குழாய் அடைக்கும். எந்திரம் மணி அடிக்கும். ஓடிவர ஆள் இருக்கமாட்டார்.

"அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் புதிதாக நோய் தொற்றினால், நோயாளி மேலும் பல நாள் எந்திரத்தில் கிடக்கவேண்டும். அந்தச் செலவை ஆஸ்பத்திரியோ குடும்பமோ ஏற்றுத்தான் ஆகவேண்டும். உயிர் போனால் எந்தப் பணமும் ஈடு ஆகாது.

ஆகவே, புதிய பிரிவைத் திறக்கும்போது "எத்தனை எந்திரம்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இரவு 2 மணிக்கு எத்தனை நர்சு?" என்றும் கேட்கவேண்டும். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் அந்தக் கணக்கை வெளியே எழுதி வைக்கவேண்டும்.

உறவினர்களும் டாக்டரிடம் பணிவோடு கேட்கலாம்: காய்ச்சல் உண்டா? சிறுநீர் சரியாகப் போகிறதா? படுக்கைப் புண் இருக்கிறதா? மயக்க மருந்தை எப்போது குறைப்பீர்கள்? இவை சண்டைக்குரிய கேள்விகள் அல்ல. நோயாளி வாயில் குழாயோடு கிடக்கிறார். அவரால் கேட்க முடியாது. அவருக்காக வீட்டார்தான் கேட்கவேண்டும்.