13 ரூபாய்க் கடனும் பெயரில்லாச் சமையற்காரரும்

ஞாயிறு முற்பகலில், பெங்களூரு கண்டோன்மெண்ட் பகுதியில் உணவகமாக மாறிய பழைய பங்களாக்களில் 'பிரஞ்ச்' களைகட்டுகிறது. தூண் வைத்த வராந்தா, கூர்நுனி மரச்சட்ட முகப்பு, பழுப்பேறிய புகைப்படங்கள். இவற்றுக்கெல்லாம் 'மரபு' என்று பெயர். யாருடைய மரபு என்பது மட்டும் பரிமாறப்படுவதில்லை.

'பிரஞ்ச்' என்ற சொல்லை 1895இல் ஆங்கில இதழொன்றில் முன்வைத்தவர் கை பெரிங்கர். சனிக்கிழமை இரவு களித்தவர் ஞாயிறன்று தாமதமாக எழ வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தாமதமாக எழுபவருக்காக முன்னதாக எழுந்து அடுப்பு மூட்டுபவர் யார் என்ற கேள்வி அந்த வாதத்துக்குள் இல்லை. பங்களாவின் கட்டட அமைப்பிலும் அதே மறதி உண்டு. சமையற்கட்டும் பணியாளர் குடியிருப்பும் முதன்மைக் கட்டடத்தைவிட்டு விலகிப் பின்புறம் நின்றன.

1809இல் உருவான கண்டோன்மெண்ட், தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த சிப்பாய்களாலும் கொத்தனார்களாலும் சமையற்காரர்களாலும் இயங்கியது. அந்தச் சமையற்கட்டின் சான்று உணவுப் பட்டியலிலேயே இருக்கிறது. 'மல்லிகட்டானி' என்று அச்சிடப்படுவது மிளகுத்தண்ணீர். சொல் மேசைக்கு வந்துவிட்டது. சொன்னவர் பின்கட்டிலேயே நின்றுவிட்டார்.

1896இல் இந்நகருக்கு வந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில் செலுத்தாமல் போன 13 ரூபாய்க் கடனைப் பெங்களூர் கிளப்பின் பதிவேடு இன்றும் காட்டுகிறது. வசூலாகாத பாக்கி என்று தள்ளுபடி செய்யப்பட்ட அத்தொகை இப்போது நகரின் பெருமிதக் கதை. எஜமானரின் கடன் வரலாறாகிறது. சமைத்தவரின் பெயர் குறிப்பாகக்கூட எஞ்சவில்லை.

உணவகம் வராவிட்டால் அந்தப் பங்களா இடிக்கப்பட்டு அடுக்குமாடியாகியிருக்கும் என்பார்கள். உண்மைதான். கட்டடத்தைக் காத்ததற்கு நன்றி சொல்லலாம். ஆனால் பாதிக் கட்டடத்தின் கதையை முழுக் கதையாக விற்பதற்கு அந்த நன்றி உரிமம் ஆகாது.

உணவக முதலாளிகளை மட்டும் குற்றம் சாட்டுவது எளிது. மொழியியல் துறையின் கணக்கையும் பார்க்க வேண்டும். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, சென்னை மாகாணப் பணியாளர்களின் ஆங்கிலத்தைப் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற தலைப்பில் உடைந்த மொழியாகப் பதிந்தது. 1891இல் ஹூகோ ஷூகார்ட் அதை ஆய்வுப் பொருளாக்கினார். 'ஐ டன் டெல்' என்பதில் 'டன்' இறந்தகாலத்தைச் சீராகக் குறிக்கிறது. 'சொல்லிவிட்டேன்' என்பதில் 'விடு' துணைவினையாகும் விதம் அறிந்தவருக்கு அது பிழையாகத் தோன்றாது, இலக்கணமாகவே தோன்றும். ஆனாலும் வகுப்பறையில் அது இன்றும் சிரிப்பை வரவழைக்கும் எடுத்துக்காட்டு. உணவகம் பட்லரின் சொல்லை விற்கிறது. கல்வித்துறை அவருடைய வாக்கியத்தை வைத்துக் கட்டுரை எழுதுகிறது. இருவருமே அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் அந்தப் பணியாளர் மரபில் வந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சில ஞாயிறு முற்பகல்களும் போதும். அந்த முற்பகல்களை எங்கே செலவிடுவது என்பதை ஆய்வாளர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.